காதால் கற்ற இசை, வானொலி வழியே: கேஜன் ஃபிடில் நிகழ்ச்சி நடத்துவது எப்படி

ஃபிடில் என்றதும் வேறொரு வாத்தியம் என்று நினைக்க வேண்டாம், வயலின்தான். அதே மரப்பெட்டி, அதே நான்கு தந்தி. வாசிக்கிற விதமும் வாசிக்கிற இடமும் மாறினால் பெயரும் மாறிவிடுகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தின் தென்மேற்கில், லாஃபயெட், யூனிஸ், மமூ, வில் பிளாட் என்று நெல்வயலும் நன்னீர்ச் சிங்கி இறால் குட்டையுமாகக் கிடக்கும் ஊர்களில், அந்த வயலின் வாசிப்பதுதான் கேஜன் இசை. ஆடுவதற்கான இசை அது. ஒருவர் வாசிக்க இன்னொருவர் கேட்டுப் பிடித்துக்கொண்டு வந்ததால், ஏட்டில் எழுதி வைத்தது மிகக் குறைவு.

இப்படிக் காதால் பரவும் இசைக்கு வானொலி நல்ல துணை. ஆனால் வரிசையாகப் பாட்டுகளைப் போட்டுக்கொண்டே போனால் அது ஜூக்பாக்ஸ் வேலை. வீட்டில் ஃபிடிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறவர், நிகழ்ச்சி முடிவதற்குள் ஒரு மெட்டையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு என்ன சொல்ல வேண்டும், எப்படிப் பதிய வேண்டும், எங்கே தவறு நேரும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

யாருடைய இசை

இப்போதைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மொழிக் குடியானவர்களுக்கு அக்கேடியர் என்று பெயர். ஆங்கிலேயர்கள் 1755 முதல் அவர்களை ஊரோடு கப்பலேற்றித் துரத்தினார்கள். பல இடம் சுற்றி, 1760-களின் நடுவிலிருந்து அவர்கள் லூசியானாவில் குடியேறத் தொடங்கினார்கள். 1785-இல் மட்டும் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் 1,600 பேர் அளவில் வந்து சேர்ந்தார்கள். ‘அக்கேடியன்’ என்ற சொல் நாக்கில் தேய்ந்து ‘கேஜன்’ ஆயிற்று.

அதே மண்ணில் பிரெஞ்சு பேசிய கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் கிரியோல் எனப்பட்டனர். இரு தரப்பும் ஒரே மெட்டுகளைத்தான் வாசித்தன. கேஜன் ஃபிடில் என்றால் முதலில் சொல்லப்படும் பெயர் டென்னிஸ் மெகீ (1893–1989). அவர் 1929-இல் தன் மைத்துனர் சேடி கூர்வில்லோடு இரட்டை ஃபிடிலாகப் பதிவு செய்தார். அதே ஆண்டு கிரியோல் அக்கார்டியன்காரர் அமேடே ஆர்ட்வானோடும் சேர்ந்து வாசித்துப் பதிந்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உட்காருவது எளிதாக இல்லாத காலம் அது. ஆர்ட்வான் 1942-இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். அவருடைய பாட்டை ஒலிபரப்பிவிட்டு ‘பழைய கேஜன் பாட்டு’ என்று மட்டும் சொல்லி நகர்வது பிழை. கிரியோல் கலைஞர் என்று சொல்ல வேண்டும். கிரியோல் ஃபிடிலின் இன்னொரு பெரிய பெயரான கான்ரே ஃபான்டனோவுக்கும் (1922–1995) இதே விதி.

ஸைடெகோ வேறு. அது கிரியோல் இசையில் ப்ளூஸும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து வளர்ந்தது. பியானோ அக்கார்டியனோடும், மார்பில் மாட்டித் தேய்க்கும் தகரச் சட்டையோடும் அதை உலகறியச் செய்தவர் கிளிஃப்டன் ஷெனியே. ஸைடெகோவில் ஃபிடிலுக்கு இடம் குறைவு. ஃபிடில் நிகழ்ச்சியில் அதைச் சேர்க்கலாம், ஆனால் சேர்க்கும்போது வேறு இசை என்று சொல்லிவிடுங்கள்.

சுருதி: புதியவர் முதலில் தடுக்கி விழும் இடம்

கேஜன் குழுவில் ஃபிடிலோடு சேர்ந்து ஒலிக்கும் அக்கார்டியன் ஒரு சின்னப் பெட்டி. வலது பக்கம் பத்துப் பொத்தான், இடது பக்கம் இரண்டே இரண்டு. நம் ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு ஸ்வரம். இதில் அப்படியில்லை, மவுத் ஆர்கன் மாதிரி. துருத்தியை அமுக்கினால் ஒரு ஸ்வரம், அதே பொத்தானை வைத்துக்கொண்டு இழுத்தால் வேறொரு ஸ்வரம். இப்படிப் பத்துப் பொத்தானில் இருபது. ஒரு பெட்டி ஒரே சுருதிக்குச் செய்யப்படுகிறது. பெரும்பாலும் அது சி, அதாவது நம் ஊர்ப் பேச்சில் ஒரு கட்டை. சில பெட்டிகள் டி, இரண்டு கட்டை.

பெட்டியை மாற்ற முடியாது, ஃபிடிலை மாற்றலாம். வழக்கமாக ஜி–டி–ஏ–இ என்று கட்டப்படும் நான்கு தந்திகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி எஃப்–சி–ஜி–டி என்று கட்டிக்கொள்கிறார்கள். பாடகரின் கட்டைக்கு ஏற்ப வயலினை இறக்கிக் கட்டுவது கர்நாடக இசை கேட்பவர்களுக்குப் புதிதல்ல. இங்கே பாடகரின் இடத்தில் பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான். இறக்கிக் கட்டினால் டி-க்குப் பழகிய விரல்களாலேயே சி சுருதியில் வாசிக்கலாம். திறந்த தந்திகள் கூடவே முழங்கும். கேஜன் ஃபிடிலின் அந்தக் கனத்த நாதம் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

வழக்கம்போல் கட்டிய ஃபிடிலோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது. வானொலியில் கேட்கும் மெட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்ப்பார், விரல் எங்கே வைத்தாலும் இடிக்கும், தன் காதின் குற்றம் என்று எண்ணி ஃபிடிலை உறையில் போட்டுவிடுவார். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் பத்து விநாடி செலவழித்தால் போதும்: ‘சி பெட்டி, ஃபிடில் ஒரு ஸ்வரம் இறக்கம், வால்ட்ஸ்.’

இன்னொரு நுணுக்கம். சி பெட்டியில் ஜி சுருதியிலும் வாசிப்பார்கள். ஆனால் ஜி-க்குத் தேவையான எஃப் ஷார்ப் அந்தப் பெட்டியில் கிடையாது, சாதா எஃப்தான் உண்டு. அதனால் அந்த மெட்டுகளில் நிஷாதம் இறங்கி, கொஞ்சம் ஏக்கமாக ஒலிக்கும். அந்த இறங்கிய ஸ்வரத்தைக் கேட்டு, பதிவு கெட்டுவிட்டதோ என்று சுருதி திருத்தும் மென்பொருளைத் தட்டிவிடாதீர்கள். கேஜன் காதுக்கு அந்த எஃப்தான் சரி.

தாளம் எளிது. வால்ட்ஸ் தகிட, தகிட என்று மூன்றாக நடக்கும். டூ-ஸ்டெப் இரண்டிரண்டாக. ஆட்டக் கூடங்களில் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் வாசிப்பார்கள், இல்லாவிட்டால் ஆடுகிறவர்கள் களைத்துவிடுவார்கள். வானொலியிலும் அதே வரிசை பொருந்தும். தொடர்ந்து நாலு வால்ட்ஸ் போட்டால் சமையலறையில் கேட்டுக்கொண்டிருப்பவரும் தூங்கிவிடுவார்.

எந்த வானொலி

கேஜன் இசையும் வானொலியும் பழைய சொந்தம். மமூவில் ஃப்ரெட்ஸ் லவுஞ்ச் என்றொரு சின்ன மதுக்கடை. சனிக்கிழமை காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். நடுவே கயிறு கட்டிய இடத்தில் குழு வாசிக்க, சுற்றி ஆட்டம். ரெவன் ரீட் என்ற பள்ளி ஆசிரியர் 1962 முதல் அங்கிருந்து பிரெஞ்சிலேயே நேரடி ஒலிபரப்பு நடத்தினார். 1921-ஆம் ஆண்டின் மாநில அரசியல் சட்டம் பள்ளிகளை ஆங்கிலத்துக்கு மட்டும் என்று ஆக்கியிருந்தது. வீட்டில் பேசிய பிரெஞ்சைப் பள்ளியில் பேசி அடி வாங்கிய தலைமுறை அது. அவர்களுக்கு வானொலியில் தங்கள் பேச்சைக் கேட்பது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

யூனிஸில் லிபர்ட்டி தியேட்டரிலிருந்து 1987-இல் தொடங்கிய சனிக்கிழமை மாலை நிகழ்ச்சியை, லாஃபயெட் பல்கலைக்கழகத்தின் கேஆர்விஎஸ் 88.7 ஒலிபரப்பி வந்தது. நாட்டாரியல் அறிஞர் பேரி ஆன்சலே அதைப் பெரும்பாலும் கேஜன் பிரெஞ்சிலேயே தொகுத்தளித்தார். நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஓஇசட் 90.7 சமுதாய வானொலி, 1980 டிசம்பரில் தொடங்கியது. ஆரம்ப நாளில் அதன் அறை டிப்பிட்டினாஸ் என்ற இசைக் கூடத்தின் மாடியில் இருந்தது. கீழே கச்சேரி நடந்தால் தரையிலுள்ள ஓட்டை வழியாக மைக்கை இறக்கி ஒலிபரப்பினார்கள் என்பது அவ்வூர்ப் பிரசித்தம்.

புதிதாகத் தொடங்கும் ஊர்க் குழுவுக்கு உகந்தது குறைந்த திறன் எஃப்எம். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2000-இல் உருவாக்கிய வகை இது. அதிகபட்சம் 100 வாட், ஆன்டெனா சராசரி நிலமட்டத்திலிருந்து 30 மீட்டர், தெளிவாகக் கேட்கும் தூரம் சுமார் 5½ கிலோமீட்டர். உரிமம் இலாப நோக்கில்லாத அமைப்புகளுக்கு மட்டுமே. ஓப்பலூசஸ் ஊரில் இப்படியொரு நிலையம் ஸைடெகோவை ஒலிபரப்பி வந்திருக்கிறது. ஐந்தரைக் கிலோமீட்டர் என்றால் சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் ஊரிலுள்ள ஃபிடில்காரர்கள் அத்தனை பேரும் அந்த வட்டத்துக்குள் இருந்தால் வேறென்ன வேண்டும்?

ஒரு மணி நேரத்தை எப்படி நிரப்புவது

பழைய 78 வேக இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். கேஜன் பாட்டுகள் அந்த அளவுக்குப் பழகியவை. ஒரு மணி நேரத்துக்கு 12 பாட்டு, அதாவது 36 நிமிடம். பேச்சு 12 நிமிடம். ஒரு மெட்டைக் கற்றுத்தரும் பகுதி 6 நிமிடம். ஊர் ஆட்டங்கள், கூடி வாசிக்கும் இடங்கள் பற்றிய அறிவிப்பு 3 நிமிடம். நிலைய அறிவிப்பும் ஆதரவாளர் பெயர்களும் 2 நிமிடம். மொத்தம் 59. மீதி ஒரு நிமிடம் கைவசம் இருக்கட்டும். பகிர்வுத் தளங்கள் வழியாக மற்ற நிலையங்களுக்குக் கொடுப்பதானாலும் 59 நிமிட நீளம் வசதி. சத்த அளவை மைனஸ் 24 எல்யூஎஃப்எஸ் என்ற அமெரிக்கப் பொது வானொலி அளவில் வைத்தால் வாங்குகிற நிலையத்துக்குத் தலைவலி இல்லை.

பாட்டுகளை மூன்று மூன்றாகச் சேர்த்துப் போடுங்கள். மூன்றுக்கு மேல் போனால், முதலில் வந்தது யார் என்று கேட்பவருக்கு மறந்துவிடும். ஒரு தொகுப்பில் ஒரே மெட்டை மூன்று காலத்திலிருந்து எடுத்துப் போடுவது மிக நல்ல வழி. உதாரணமாக ‘ஜோலி ப்ளோன்’. 1929-இல் ப்ரோ குடும்பத்தார் அதை ‘மா ப்ளோன்ட் எ பார்ட்டீ’ என்ற பெயரில் அக்கார்டியனோடு பதிந்தார்கள். 1946-இல் ஹாரி சோட்ஸ் அதே மெட்டை ஃபிடிலை முன்னிறுத்தி வாசித்துப் பெரும் வெற்றி கண்டார். அடுத்து ஊரில் இப்போது வாசிக்கும் யாராவது ஒருவர். மெட்டு எப்படி நகர்ந்திருக்கிறது என்பதை விரிவுரை இல்லாமலே காது கண்டுகொள்ளும்.

இந்த வரிசை வரலாற்றையும் சொல்லிவிடுகிறது. அக்கார்டியன் வருவதற்கு முன்னால் இரண்டு ஃபிடில்களே ஆட்டத்தை நடத்தின. பெட்டியின் சத்தம் ஃபிடிலைப் பக்கவாத்தியமாக்கியது. 1928-இல் ஜோ ஃபால்கனும் க்ளியோமா ப்ரோவும் வெளியிட்ட முதல் கேஜன் இசைத்தட்டான ‘அலோன்ஸ் ஆ லாஃபயெட்’டில் ஃபிடிலே கிடையாது, அக்கார்டியனும் கிட்டாரும்தான். 1930-களின் நடுவில் ஹேக்பெரி ராம்ப்ளர்ஸ் போன்ற தந்திக் குழுக்கள் வந்தபோது ஃபிடில் மீண்டும் முன்னால் வந்தது. ஒலிபெருக்கிக்கான மின்சாரத்தை அவர்கள், வெளியே நிறுத்திய காரின் எஞ்சினிலிருந்து எடுத்தார்கள்! 1948-இல் ஐரி லெஜூனின் தட்டு அக்கார்டியனை மறுபடி கூட்டிவந்தது. டூயி பால்ஃபா 1964-இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் வாசித்துத் திரும்பிய பிறகு, சொந்த ஊரே இதைப் புதிய மதிப்போடு பார்க்கத் தொடங்கியது.

கற்றுத்தரும் ஆறு நிமிடத்துக்கு ஒரு சின்ன முறை உண்டு. மெட்டு பெரும்பாலும் இரண்டு பகுதியாக இருக்கும். முதலில் முழு வேகத்தில் ஒரு முறை. பிறகு முதல் பகுதி மட்டும் மெதுவாக இரண்டு முறை, இரண்டாம் பகுதியும் அப்படியே. கடைசியில் மீண்டும் முழு வேகம். மெதுவாக்க மென்பொருளை நம்பாதீர்கள். 70 சதவீதத்துக்கு இழுத்தால் வில்லின் உரசல் குழைந்து, எங்கே வில் திரும்புகிறது என்பதே தெரியாமல் போகும். கேஜன் வாசிப்பில் உயிர் வலது கையில் இருக்கிறது. ஃபிடில்காரரையே மெதுவாக வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். மரபு மெட்டை ஒருவர் நேரில் வாசிப்பதால், பழைய பதிவின் உரிமைச் சிக்கலும் எழாது.

பெயர் உச்சரிப்பில் கவனம் தேவை. ‘இ-ஏ-யூ-எக்ஸ்’ (eaux) என்று முடியும் குடும்பப் பெயர்கள் எல்லாம் ‘ஓ’ என்றே ஒலிக்கும்: ப்ரோ, பூட்ரோ, டிபொடோ. ஃபான்டனோவின் கடைசி எழுத்து ஊமை. எழுத்துப்படி படித்தால் அந்த வாரத்துத் தொலைபேசி முழுக்க அதைப் பற்றியே வரும்.

பழைய தட்டைக் கேட்கும்படி செய்வது

78 தட்டின் பள்ளம் அகலம். எல்பி தட்டுக்கான முள்ளை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியை உரசிக்கொண்டே போகும், இரைச்சல்தான் மிஞ்சும். சுமார் 3 மில், அதாவது 76 மைக்ரான் முள் வேண்டும். தட்டு அரக்கால் ஆனது என்பதால் ஆல்கஹால் கலந்த துப்புரவுத் திரவம் அதைக் கரைத்துவிடும். வடிகட்டிய நீரும் துளி சோப்பும் போதும், காகித வில்லையில் நீர் படாமல். தட்டு மோனோ, ஆகவே இரு சேனலையும் ஒன்றாகக் கலந்தால் சொரசொரப்பு குறையும்.

வேகத்தில்தான் வேடிக்கை. தட்டில் 78 என்று போட்டிருந்தாலும் பதியும்போது பள்ளம் வெட்டிய வேகம் அதுவாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. இங்கே அக்கார்டியனே சுருதிப்பெட்டி. மெட்டு சி-க்கும் டி-க்கும் நடுவில், நம் கணக்கில் ஒன்றரைக் கட்டையில் ஒலித்தால் சந்தேகப்படுங்கள். அரை ஸ்வரம் என்பது ஏறக்குறைய 6 சதவீத வேகம். சி-க்கு இறக்க 73.6, டி-க்கு ஏற்ற 82.6. இரண்டில் எது? அதே நாளில் பதிந்த மற்றப் பக்கங்களை வைத்துப் பாருங்கள், பாடும் குரல் இயல்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் ஒலிபரப்பினால், வீட்டில் ஃபிடிலைச் சரியாக இறக்கிக் கட்டிக் காத்திருப்பவருக்கும் பயனில்லை.

மைக் வைப்பது

ஃபிடிலுக்கு மிக நெருக்கமாக மைக் வைப்பதுதான் தொடக்கக்காரர் எல்லாரும் செய்யும் பிழை. பத்து சென்டிமீட்டரில் வைத்தால் வில்லில் தடவிய ரோசின் உரசலும் விரல் தட்டும் சத்தமும் வரும், மரத்தின் நாதம் வராது. சின்ன டயஃப்ரம் கண்டென்சர் மைக் ஒன்றை ஃபிடிலுக்கு மேலே 40 முதல் 60 சென்டிமீட்டரில், வில் போய்வர இடம் விட்டு, எஃப் வடிவத் துளையை நோக்கி வையுங்கள். அளவு மைனஸ் 12 டெசிபலுக்கு அருகில் நிற்கட்டும், ஆட்டம் சூடு பிடித்ததும் தானாக ஏறிவிடும்.

இரட்டை ஃபிடில் என்றால் ஒருவர் மெட்டை வாசிப்பார், மற்றவர் ‘செகண்ட்’: கீழ்த் தந்திகளில் சேர்ந்த ஸ்வரங்களைத் தாளத்தோடு அழுத்திக்கொண்டு போவது. இருவரையும் தனித்தனி மைக்கில் எடுத்து ஒருவரைப் பாதி இடப்புறமும் மற்றவரைப் பாதி வலப்புறமும் வையுங்கள். வீட்டில் கற்பவர் பாலன்ஸைத் திருப்பினாலே ஒருவர் மேலெழுந்து கேட்பார். மைக்குகளுக்கு இடையிலுள்ள தூரம், மைக்குக்கும் ஃபிடிலுக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 40 சென்டிமீட்டர் என்றால் 120. நெருங்கி வைத்தால், மோனோவில் கேட்கும் சமையலறை ரேடியோவில் இரண்டும் ஒன்றையொன்று தின்று, ஃபிடில் தகர டப்பாவுக்குள் போய்விடும். ஒலிபரப்புக்கு முன் மோனோ பொத்தானை ஒரு முறை அழுத்திக் கேட்டுவிடுங்கள்.

குழுவில் தாளம் தட்டும் முக்கோண இரும்புக்குத் தனி மைக் வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்தில் வைக்கோல் வாரும் கருவியின் பல்லை வளைத்துச் செய்தது அது. அறையின் மறுகோடியில் இருந்தாலும் எல்லா மைக்கிலும் விழும். வாசிப்பவரை இரண்டு மீட்டர் பின்னால் உட்கார வையுங்கள். ஸ்டுடியோவில் அழகாகக் கேட்கும் முக்கோணம் வானொலியில் ஏன் வெடிக்கிறது என்று பலரும் குழம்புவார்கள். காரணம் எஃப்எம் முறையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஒலிபரப்பும்போது 2,100 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிகளைப் படிப்படியாகத் தூக்கி அனுப்புகிறார்கள், 15,000 ஹெர்ட்ஸில் அது 17 டெசிபல் அளவுக்குப் போகும். ரேடியோ பெட்டி அதே அளவு இறக்கி, இரைச்சலையும் சேர்த்து அடக்கும். பேச்சில் அவ்வளவு உயரத்தில் பலமில்லாததால் சிக்கல் இல்லை. முக்கோணத்தின் ஒவ்வொரு தட்டும் அங்கேதான் இருக்கிறது. தூக்கியதும் உச்சத்தில் முட்டும், சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் நிலையத்தின் லிமிட்டர் அடித்து நசுக்கும், கூடவே ஃபிடிலும் ஒவ்வொரு தட்டுக்கும் அமுங்கி எழும். கலவையிலேயே 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மூன்று நான்கு டெசிபல் குறைத்தால் காற்றில் சரியாக வந்து சேரும். ஹெட்போனில் கேட்பதை மட்டும் நம்பாமல், ஒரு சாதா ரேடியோவில் நிலையத்தைப் பிடித்துக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆட்டக் கூடத்திலிருந்து நேரடி ஒலிபரப்பில் இன்னொரு பொறி. அங்குள்ள ஒலிபெருக்கி மேசையிலிருந்து ஒரு வயர் வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஒலிபரப்பில் பாடுபவர் குரல் மட்டும் பாதாளத்திலிருந்து கத்துவதுபோல் கேட்கும், அக்கார்டியனைக் காணோம். கூடத்தில் அக்கார்டியனுக்கு ஒலிபெருக்கியே தேவைப்படாது, அதன் சொந்தச் சத்தமே போதும். அதனால் மேசைக்காரர் அதைக் கிட்டத்தட்ட மூடியே வைத்திருப்பார். அவர் சரியாகத்தான் செய்கிறார், அந்தக் கலவை கூடத்துக்கானது. மைக் ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்து வானொலிக்குத் தனிக் கலவை செய்வது முறை. அதற்கு வசதியில்லையென்றால் மேசை வயரோடு, மேடைக்கு முன் ஆட்களின் தலைக்கு மேல் ஒரு ஜோடி மைக்கைத் தூக்கி நிறுத்தி இரண்டையும் கலக்கலாம். காலடிச் சத்தமும் சேர்ந்து வரும். வரட்டும், ஆட்ட இசைதானே.

வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் கூட்டம் இன்னும் எளிது. யூனிஸில் அக்கார்டியன் செய்பவரான மார்க் சவாய் கடையில் சனிக்கிழமை காலைகளில் நடப்பது பேர்போனது. ஒரு நேரத்தில் ஒரே அக்கார்டியன், ஒரே முக்கோணம் என்பது இவ்வகைக் கூட்டங்களின் எழுதாத சட்டம். ஃபிடில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். நடுவில் ஒரு ஸ்டீரியோ மைக், முன்வரிசைக்கு ஒன்றேகால் மீட்டரில், தலை உயரத்துக்குச் சற்று மேலே. அதற்குப் பிறகு நாற்காலிகளை நகர்த்துவதுதான் கலவை.

சட்டம்

மணிக்கொரு முறை, மணி அடிக்கும் நேரத்தை ஒட்டி, நிலையத்தின் அழைப்பெழுத்தும் அடுத்து ஊர்ப் பெயரும் சொல்ல வேண்டும். வால்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் அறுக்க வேண்டாம், இயல்பான இடைவெளியில் சொன்னால் போதும்.

பணம் கொடுத்து ஆதரிக்கும் ஆட்டக் கூடம் இலாப நிறுவனமாக இருந்தால், பெயரும் இடமும் சொல்லலாம். ‘நுழைவு 10 டாலர்தான், உடனே வாருங்கள்’ என்று விலையும் அழைப்பும் சேர்ந்தால் விளம்பரமாகிவிடும். இலாப நோக்கில்லாத நிலையத்துக்கு அது தடை.

ஒலிபரப்பில் மட்டும் இருக்கும்வரை, பாட்டெழுதியவர் தரப்பு உரிமத்தை நிலையம் மொத்தமாக வாங்கியிருந்தால் போதும். இணையத்திலும் ஓடவிட்டால் பதிவின் உரிமையும் சேரும், கூடவே எண்ணிக்கைக் கட்டுப்பாடும். மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் கூடாது, அதிலும் தொடர்ந்து இரண்டுக்கு மேல் கூடாது. ஒரே கலைஞர் என்றால் நான்கு, தொடர்ந்து மூன்று. டென்னிஸ் மெகீக்கு ஒரு மணி நேரம் முழுவதும் கொடுக்கும் ஆசையை இது கெடுக்கும். உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்கலாம், அல்லது அவரிடம் கற்றவர்களின் வாசிப்பை நடுவே கோக்கலாம், நிகழ்ச்சிக்கும் அதுவே மேல். ஒரு மணி நேர நிகழ்ச்சியைக் கேட்பவர் விரும்பியபோது கேட்கும்படி தளத்தில் விட்டுவைப்பதும் இந்த உரிமத்துக்குள் வராது. ஐந்து மணி நேரத்துக்குக் குறையாத தொகுப்பாக, இரண்டு வாரம் மட்டும் வைக்கலாம். கற்றுத்தரும் ஆறு நிமிடப் பகுதியில் பழைய பதிவு இல்லாததால், வாசித்தவர் சம்மதித்தால் அதை மட்டும் தனியே நிரந்தரமாக வைக்க முடியும்.

‘அவ்வளவு பழைய தட்டுக்கு யார் உரிமை கேட்கப் போகிறார்கள்’ என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. 2018-இல் வந்த சட்டப்படி, 1923 முதல் 1946 வரை வெளியான பதிவுகளுக்கு நூறாண்டு. ‘அலோன்ஸ் ஆ லாஃபயெட்’டின் 1928 பதிவு 2029 ஜனவரி 1 அன்றுதான் பொதுவுடைமையாகும்.

நிரலேடு

ஒலிபரப்பியதைக் குறித்து வைப்பதை உரிமக் கணக்குக்கான வேலையாக மட்டும் செய்தால் பாதிதான் பயன். ஒரே மெட்டுக்கு ஐந்து பெயர் இருக்கும், ஒரே பெயருக்கு ஐந்து எழுத்துக்கூட்டல் இருக்கும். தேடும்போது எதுவும் அகப்படாது. பெயர், வேறு பெயர்கள், யார் எந்த வாத்தியம், ஆண்டு, தாளம், ஒலிக்கும் சுருதி, ஃபிடில் கட்டிய விதம், யாரிடம் கற்றது என்று எட்டுப் பத்தி போடுங்கள். தெரியாததை வெறுமையாக விடுங்கள். நேயர் யாராவது கூப்பிட்டு, ‘எங்கள் தாத்தா இதை வேறு பெயரில் வாசிப்பார்’ என்றால் நாளோடும் ஊரோடும் அந்தப் பத்தியில் எழுதிவிடுங்கள், முந்தைய பெயரை அடிக்காமல். ஒரு வரி இப்படி அமையும்:

மா ப்ளோன்ட் எ பார்ட்டீ / ஜோலி ப்ளோன் / அமேடே ப்ரோ அக்கார்டியன், குரல். ஓஃபி ப்ரோ ஃபிடில். க்ளியோமா ப்ரோ கிட்டார் / 1929 / வால்ட்ஸ் / சுருதி: தட்டின் வேகம் சரிபார்த்த பின் / கட்டு: – / கற்றது: –